பதினாலாம் நம்பர் ஜெர்சி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பா சுமை தூக்கும் வாழைக்காய் மண்டியில் கொடுத்த டைரி இது. வருடப் பிறப்பிலிருந்து அலமாரியில் கிடந்தது. முதல் பக்கத்தில் மகாலட்சுமி, கடைசிப் பக்கத்தில் ராகுகாலம், நடுவில் அத்தனையும் வெறும் தாள். "மண்டைக்குள்ள குழப்பமா இருந்தா எழுதிப் பாரு, என் உயிர எடுக்காத" என்று விடுதியில் ஆன்சி அக்கா அடிக்கடி சொல்வதால் எடுத்தேன்.

'பெயர்' என்று ஒரு கோடு போட்டிருக்கிறது. பவதாரிணி. 'முகவரி': சின்னமனூர், இப்போதைக்கு மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதி. 'தொழில்' என்றும் ஒரு கோடு. பி.காம். இரண்டாம் ஆண்டு என்று எழுதினால் எங்கள் கணக்கியல் மேடம் சிரித்துவிடுவார். பாஸ்கெட்பால் ஆடுவதற்காகத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் என்னைச் சேர்த்துச் சோறு போடுகிறார்கள். கூடைக்கு அடியில் நிற்கிற 'சென்டர்' நான். ஆறடிக்கு மேலே வளர்ந்துவிட்டேன். கோயிலில் முன்னால் நின்றால் பின்னால் இருப்பவர்கள் சாமியைவிட என்னைத்தான் அதிகம் திட்டுவார்கள். எந்த ஜெர்சி போட்டாலும் இடுப்போடு நின்றுவிடும். உள்ளே ஒரு பனியனைத் திணித்துக்கொண்டுதான் ஆடுவேன்.

இன்று ஊரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வேட்டி கட்டிய ஒருவர், அவர் மனைவி, கையில் ஆப்பிளும் மாதுளையும் அடுக்கிய தட்டு. பக்கத்து வீட்டு அத்தை அதைப் பார்த்ததும் ஓடி வந்து என் தலையில் பூவை வைத்துவிட்டாள். அம்மா கேசரி கிளறினாள். அத்தை வெளியே எட்டிப் பார்த்து, "மாப்பிள்ள வண்டியிலயே உக்காந்திருக்காகளா? உள்ள வரச் சொல்லுங்க" என்றாள்.

அந்த மனிதர் பதறிப்போனார். "அட, மாப்பிள்ளை எல்லாம் இல்லீங்கம்மா. என் பேரு ஜெயசீலன். கோயமுத்தூர்ல ஒரு காலேஜுக்குப் பாஸ்கெட்பால் கோச்சுங்க. உங்க பொண்ண எங்க டீமுக்குக் கேட்டு வந்திருக்கோமுங்க."

"அப்பறம் எதுக்குய்யா பழத்தட்டு?" என்று அத்தை கேட்டுவிட்டு என் தலையிலிருந்து பூவைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டுத் தொட்டியில் பூத்ததாம்.

சார் நன்றாகப் பேசினார். அப்பாவை 'அண்ணா' என்றார். "இப்பவே இழுத்துட்டுப் போக வரலீங்ணா. வருசத்துக்கு நடுவுல காலேஜ் மாறுனா அந்த வருசம் ஆட விடமாட்டாங்க. ஜூன்ல மூணாவது வருசத்துக்கு வரட்டும். அப்புறம் மேல்படிப்பு, வேலை, எல்லாம் எங்க பொறுப்பு." கைபேசியில் அவர்கள் கோர்ட்டைக் காட்டினார். கூரை போட்டது. தரை முழுக்க மரம்.

மரத் தரை. எங்கள் கல்லூரியில் சிமெண்டுத் தரைதான். நடுக்கோட்டில் விரிசல் விட்டுப் புல் முளைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை குதித்து இறங்கும்போதும் முட்டி கெஞ்சும். நான் அந்தப் படத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேசரி ஆறிப்போயிற்று.

ஆகஸ்ட் 6, புதன்

ஆன்சி அக்காவிடம் சொன்னேன். அவள் எங்கள் கேப்டன், கடைசி வருடம், என் அறைத் தோழி. என் தோளுக்குக் கீழேதான் இருப்பாள், ஆனால் கோர்ட்டில் எல்லாரும் அவள் சொன்ன இடத்தில்தான் நிற்க வேண்டும். என்னைப் பார்க்காமலே பந்தை என் கைக்கு அனுப்புவாள். 

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "மரத் தரையா? போடி, போ. என்னயக் கேட்டிருந்தா நானும் போவேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த வருசம் மட்டும் என்கூட ஒழுங்கா ஆடிட்டுப் போ" என்றாள்.

அக்டோபரில் திருச்சியில் மாநிலக் கல்லூரிகள் கோப்பை. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் கிடைக்கும் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குச் செல்லும். அக்காவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. சான்றிதழ் வராவிட்டால் திண்டுக்கல்லில் அவள் மாமாவின் பாத்திரக் கடையில் பில் போட உட்கார வேண்டும். "குக்கருக்கு கேரண்டி சொல்லியே கெழவி ஆயிருவேன்" என்பாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

துணி துவைத்தேன். முட்டியில் தைலம். ஜெயசீலன் சார் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கூரியரில் ஷூ வந்திருக்கிறது. சார் அனுப்பியது. ஆண்கள் அளவு. பெண்கள் ஷூ எதுவும் என் காலுக்குச் சேராது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லையாம். போட்டால் அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது.

ஆன்சி அக்கா பெட்டியைப் பார்த்து, "ஷூ வாங்கிட்டியா? அப்ப பூ வச்சாச்சுன்னு அர்த்தம்டி. கோச்சுங்க ஊர்ல இதுதான் நிச்சயதார்த்தம்" என்றாள்.

சும்மா அறைக்குள் போட்டு நடந்து பார்த்தேன், அவ்வளவுதான். பிறகு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பிறகு ஒரு தடவை மாடிப்படியில் ஏறி இறங்கினேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாலைப் பயிற்சிக்குப் பிறகு லில்லி புஷ்பம் மேடம் எல்லாரையும் கோர்ட்டில் உட்கார வைத்துக் கோப்பையின் விதிகளைப் படித்தார். மேடம் எங்கள் உடற்கல்வி இயக்குநர். விசில் இல்லாமல் அவரைப் பார்த்தால் யாரோ என்று நினைத்துவிடுவோம். விதிகளை உயில் வாசிக்கிற குரலில் வாசித்தார். வயது வரம்பு இருபத்தைந்து. கல்லூரியில் முழுநேர மாணவியாக இருக்க வேண்டும். இந்தக் கல்வியாண்டில் வேறொரு கல்லூரியின் பெயரில் எங்கேயும் ஆடியிருக்கக் கூடாது. ஆடியது தெரிந்து புகார் வந்தால் அந்த மேட்ச் எதிரணிக்குப் போய்விடும், ஆடியவளுக்குக் கல்வியாண்டு முடியும்வரை தடை.

"பவா, நான் என்ன சொன்னேன்?"

"வயசு இருபத்தஞ்சு மேடம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் விரலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

சார் கூப்பிட்டார். உடுமலைப்பேட்டையில் சனி, ஞாயிறு ஒரு திறந்த போட்டி, கிளப்புகள் ஆடுவது. அவர்களுடைய சென்டர் ஷர்மிளாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டதாம். "ரெண்டே மேட்ச் கெஸ்ட்டா வந்து ஆடிக் குடும்மா. காலேஜ் பேர்ல இல்ல, கிளப் பேர்லதான். உனக்கும் மரத் தரை பழகுன மாதிரி இருக்கும்."

கெஸ்ட் போவது ஒன்றும் தப்பில்லை. திறந்த போட்டிகளில் எல்லாரும் ஆள் கடன் வாங்குவார்கள். ஆன்சி அக்காவே போன வருடம் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில் கிளப்புக்கு ஆடி மிக்சி பரிசு வாங்கினாள். அதில்தான் நாங்கள் திருட்டுத்தனமாகச் சட்னி அரைக்கிறோம்.

ஆனால் கோவைக் கல்லூரி கோச்சுடன் போகிறேன் என்றால் மேடம் முகம் மாறும். அதனால் சித்தி மகனுக்குக் காதுகுத்து என்று சொல்லிவிட்டேன். மேடம் விடுப்புக் கொடுத்து, "கறிச் சோத்த அளவா தின்னுட்டு வா, மேட்ச் வருது" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பேருந்தில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

மரத் தரையில் ஆடுவது எப்படி இருக்கும் என்றால், சொல்லத் தெரியவில்லை. தரை நம்மைத் திருப்பித் தூக்கிவிடுகிறது. இறங்கும்போது முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு மேட்சும் ஜெயித்தோம். ஜெயித்தார்கள். எதை எழுதுவது?

ஒன்றுதான் இடித்தது. உடை மாற்றப் போனபோது கொடுத்த ஜெர்சியில் அவர்கள் கல்லூரி முத்திரை இருந்தது. "கிளப் ஜெர்சி எல்லாம் தையக்காரர்கிட்ட மாட்டிக்கிச்சும்மா. இன்னிக்கு இத வச்சு ஓட்டிக்கலாம்" என்றார் சார். பதினாலாம் நம்பர். என் நம்பர்தான். போட்டுப் பார்த்தால் முதல் தடவையாக ஒரு ஜெர்சி இடுப்புக்குக் கீழே இறங்கி நின்றது. உள்ளே பனியன் தேவைப்படவில்லை. எனக்கு அதிலேயே பாதி சந்தோஷம். அவர்கள் டீமில் என் உயரத்துக்கு யாரும் இல்லை, இருந்தும் இப்படி ஒன்று கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

ஷர்மிளா நல்ல பெண். தண்ணீர்க் கேனை மாடியிலிருந்து அவள்தான் தூக்கி வந்தாள். கணுக்கால் சீக்கிரம் ஆறிவிட்டது போலிருக்கிறது.

பரிசு வாங்கியதும் சார் படம் எடுத்தார். உயரமானவள் என்பதால் நான் வழக்கம்போலப் பின் வரிசைக்குப் போனேன். "நீ எங்க போற? முன்னாடி வா. நடுவுல நில்லும்மா, கோப்பையப் பிடி" என்று கையைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். இத்தனை வருடத்தில் யாரும் என்னைப் படத்தில் நடுவில் நிற்கவைத்ததில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

"காதுகுத்து நல்லா நடந்துச்சா?" என்று மேடம் கேட்டார். நடந்தது என்றேன்.

அக்டோபர் 9, வியாழன், திருச்சி

கால் இறுதி ஜெயித்தாகிவிட்டது. அரை இறுதியில் எதிரணி யார் என்றால் கோவைக்காரர்கள். வேறு யாராவது வந்திருக்கக் கூடாதா. சார் கேலரியிலிருந்து என்னைப் பார்த்துக் கை அசைத்தார். மேடம் பார்த்தார். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். பழைய ஷூதான் போட்டிருந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் கோவையை ஜெயித்தோம். கடைசி நிமிடம் வரை இழுபறி. அக்கா இரண்டு பேருக்கு நடுவில் பந்தைத் தரையில் தட்டி எனக்கு அனுப்பினாள், நான் ஏறிப் போட்டேன், விசில். அக்கா குரங்குக் குட்டி மாதிரி என் இடுப்பில் தொற்றிக்கொண்டாள். "முத ரெண்டுக்குள்ள வந்துட்டோம்டி! பாத்திரக் கடைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு!" என்று கத்தினாள்.

மதியச் சாப்பாடு கையில் இருக்கும்போது போட்டிக் குழு கூப்பிட்டது. நான், மேடம், கேப்டன் என்பதால் அக்கா. மேசை மீது உடுமலைப்பேட்டைப் படம். நடுவில், முன் வரிசையில், கோப்பையோடு, கோவைக் கல்லூரி முத்திரையோடு நான். பல் எல்லாம் தெரிகிறது.

"இது நீயாம்மா?" என்று குழுத் தலைவர் கேட்டார். இந்த உயரத்தை வைத்துக்கொண்டு இல்லை என்றா சொல்ல முடியும்?

"நான்தான் சார். ஆனா கிளப்புக்கு ஆடுனது. கெஸ்ட்டு. ஜெயசீலன் சாரையே கேளுங்க" என்றேன். எனக்கு அப்போது பயமே இல்லை. சார் அங்கேயே இருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.

சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பதிவுல எங்க காலேஜ் பேருதாங்க இருக்கு. ஜெர்சியும் எங்களுது. பாப்பா எங்க பொண்ணுதாங்க. அதான் புகார் குடுத்தோம்."

"அப்படின்னா உங்க காலேஜ்ல படிக்காத பிள்ளைய உங்க காலேஜ் பேர்ல எறக்குனீங்களா? அது எந்த ஊரு நியாயம்?" என்று லில்லி மேடம் எழுந்துவிட்டார்.

அது திறந்த போட்டி, அங்கே யாரையும் இறக்கலாம், இந்தக் கோப்பையின் விதி மட்டும்தான் எங்களுக்கு என்று தலைவர் சொன்னார். அவருக்கும் சங்கடம்தான், முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மேட்ச் கோவைக்குப் போயிற்று. நாளை மூன்றாம் இடத்துக்கு எங்கள் அணி ஆடலாம், நான் இல்லாமல். எனக்கு இந்தக் கல்வியாண்டு முழுக்கத் தடை.

வெளியே வந்ததும் மேடம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "காதுகுத்துன்னியே, யாருக்குடி குத்துன? எனக்கா?" பிறகு வேகமாகப் போய்விட்டார். அடித்திருந்தால் தேவலை.

சார் பின்னாலேயே வந்தார். "மனசுல வச்சுக்காதம்மா. இதுல உனக்கு நல்லதுதான். இந்த வருசத் தடை இங்கயே கழிஞ்சிரும். ஜூன்ல எங்ககிட்ட வர்றப்ப ஒரு வில்லங்கமும் இல்லாம வருவே. முட்டிக்கும் ஓய்வாச்சு" என்றார். எனக்கு ஏதோ உதவி செய்தது போலவே பேசினார். நான் தலையை ஆட்டினேன். தேங்க்யூ சார் என்று சொன்னேனோ என்றுகூடச் சந்தேகமாக இருக்கிறது.

 அக்காவுக்குக் கோபமா என்று தெரியவில்லை. அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

அக்டோபர் 11, சனி

தடை என்றால் அணியின் பெஞ்சில்கூட உட்காரக் கூடாதாம். கேலரியில் உட்கார்ந்தேன்.

எனக்குப் பதில் முதலாண்டு வெண்மதி இறங்கினாள். பாவம், எதிரணி சென்டரின் முழங்கையைத்தான் மேட்ச் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒரே ஆளாக ஓடினாள். ஒரு தடவை பழக்கத்தில், பார்க்காமலே கூடைக்கு இடப்பக்கம் உயரமாகப் பந்தை விட்டாள். அங்கே நான் நிற்பேன். யாரும் இல்லை. பந்து வெளியே போயிற்று. அக்கா அந்த வெற்று இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

தோற்றோம். நாலாம் இடம். நாலாம் இடத்துக்கு ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள்.

அதன் பிறகு இறுதி மேட்ச். நான் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. கோவைக்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். நாலு, ஐந்து, ஏழு என்று ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன். ஷர்மிளாவுக்குப் பதினொன்று. பதினாலு யாருக்கும் இல்லை. ஷர்மிளாதான் அவர்களில் உயரம்; அவளே என் காதுக்குத்தான் வருவாள். என் இடுப்புக்குக் கீழே நின்ற அந்த ஜெர்சியை அவள் போட்டால் தொடைக்கு வந்துவிடும்.

நேற்று அரை இறுதியில் இவர்கள் எதிரேயே ஆடினேன். இதைப் பார்க்கவே இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

மேடம் என்னைக் கூப்பிட்டு, கல்லூரி என் ஒதுக்கீட்டை ரத்து செய்யப் பார்த்தது என்றும், தான் பேசி நிறுத்தியிருப்பதாகவும் சொன்னார். "எனக்கு உன்மேல ஆத்திரம் தீரல. அது வேற. காலைல வழக்கம்போலப் பயிற்சிக்கு வந்துரு. மேட்சுக்குத்தான் தடை, கோர்ட்டப் பெருக்குறதுக்குத் தடை இல்ல" என்றார்.

பெருக்கினேன். விரிசலில் இருந்த புல்லையும் பிடுங்கினேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ஊர். அதிரசம். அப்பா மண்டியில் எல்லாரிடமும் ஜூனில் என் மகள் கோயமுத்தூர் போகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். "அந்தாளு பாக்க நல்ல மனுசனாத்தானே இருந்தாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தை மட்டும், "பழத்தட்டோட வந்து பொண்ணக் கேக்காதவன எதுக்குய்யா நம்புனீக?" என்றாள். அவளுக்கு இன்னும் அதுதான் குறை.

எனக்கு எதைப் பற்றியும் ஒரு முடிவும் வரவில்லை. சார் கெட்டவரா? ஷூ நல்ல ஷூ. மரத் தரை பொய்யில்லை. போனால் என் ஆட்டம் உயரும், அது நிச்சயம். போகாவிட்டால் நல்ல பெண் என்று பெயர் வாங்குவேனா, முட்டாள் என்றா?

நவம்பர் 1, சனி

ஆன்சி அக்கா இன்று துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "ஜூன்ல இங்கயே எம்.ஏ. பொருளாதாரம் சேரப்போறேன். மேடம்கிட்டச் சொல்லிட்டேன்."

பாட்டு டிகிரியோ, யோகா டிகிரியோ, எதிலாவது பெயரைப் பதித்துக்கொண்டு ஆடுவதற்காகவே இன்னும் இரண்டு வருடம் கல்லூரியில் கிடப்பது எங்கள் ஆட்களிடம் இருக்கிற வழக்கம்தான். ஆனால் அக்காவுக்குப் புத்தகம் என்றாலே தும்மல் வரும்.

"பொருளாதாரமா? உனக்கு அதுல என்னக்கா தெரியும்?"

"மாசக் கடைசில காசு இருக்காதுன்னு தெரியும். அது போதும்டி. இருபத்தஞ்சு வயசுக்கு இன்னும் நாள் கெடக்கு. மாமா ஒரு வருசம்தான் பொறுப்பாராம். ஒரு கோப்பை, ஒரே தடவ பாத்துருவோம்."

என்னை இருக்கச் சொல்லவில்லை.  மடித்த துணியில் என் பனியனும் இருந்தது, ஜெர்சிக்கு உள்ளே திணித்துக்கொள்வது. அதையும் நீவி மடித்து என் கட்டில்மேல் வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சளி என்று சொன்னேன்.

நவம்பர் 5, புதன்

சார் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எடுத்தேன்.

"சாப்ட்டியாம்மா? ஜூனுக்கு எல்லாம் ரெடி. ஹாஸ்டல்ல உனக்குன்னு நீளக் கட்டில் சொல்லியிருக்கேன்."

நீளக் கட்டில். இந்த மனிதருக்கு எதெல்லாம் தோன்றுகிறது! பிறகு கேட்டேன். "சார், அந்தப் பதினாலாம் நம்பர் ஜெர்சி யாருக்குத் தச்சது?"

மழுப்புவார் என்று நினைத்தேன். ஏதாவது காரணம் சொல்லுவார், நானும் அரைகுறையாக நம்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"உனக்குத்தாம்மா!" என்றார், அத்தனை சந்தோஷமாக. "ஆடி மாசமே அளவு குடுத்துட்டேன். உன் அளவு எனக்குத் தெரியாதா?"

ஆடி மாதம். அத்தை என் தலையில் பூ வைத்த மாதம். அப்போது ஷர்மிளாவின் கணுக்கால் நன்றாகத்தான் இருந்திருக்கும். பிறகும் நன்றாகத்தான் இருந்தது.

கோபம் வந்தது. ஆனால் உண்மையை எழுத வேண்டும் என்றால், கோபத்துக்கு முன்னால் ஒரு நொடி சந்தோஷம் வந்தது. எனக்கென்று அளந்து இதுவரை யாரும் ஒன்றும் தைத்ததில்லை. அந்த ஒரு நொடியை என்ன செய்வது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

"நான் வரல சார்" என்றேன்.

"அவசரப்படாத. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சா வந்துருவேன் சார். அதான் இப்பவே சொல்றேன்."

வைத்துவிட்டேன். ஷூவைப் பெட்டியில் போட்டு, அனுப்ப வேண்டிய முகவரியை மேடத்திடம் கேட்டேன். மேடம் எழுதிக் கொடுத்தார்.

மாலை பயிற்சி. மேட்ச் கிடையாது எனக்கு, பெருக்கிய தரையில் ஆடலாம். அக்கா அந்தப் பக்கமே பார்க்காமல் இடப்பக்கம் உயரமாகப் பந்தை விட்டாள். ஏறிப் பிடித்தேன். இறங்கும்போது முட்டி நன்றாகவே வலித்தது.